விசிறி முதலில், சுடர் பின்னர்

வட இந்திய நகரங்களில் குளிர்காலம் நெருங்கும்போது மின்பொருள் கடைகளின் வாசலில் வெந்நீர்க் கருவிகளின் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு வகைக்குக் கடைக்காரர் சொல்லும் சிறப்பு ஒன்றே: இதற்குக் கரண்ட் வேண்டாம். கேஸ் கீசர் எனப்படும் அந்தக் கருவிக்குள் இரண்டு டார்ச் பேட்டரிகள் மட்டும் இருக்கும். குழாயைத் திறந்ததும் பொறி தட்டும், சுடர் எழும், சில நொடிகளில் வெந்நீர் வரும். தில்லியிலும் புணேயிலும் பெங்களூரிலும் வாடகை அறைகளில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு இது பெரிய வசதி. உடனடி வெந்நீர் தரும் 3,000 வாட் மின் கீசர் ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும், தாங்கும் கனமுள்ள வயர் வேண்டும். பழைய கட்டடத்தில் அவற்றைப் புதிதாகப் போட்டுத் தர வீட்டு உரிமையாளர்கள் எளிதில் முன்வருவதில்லை. சில ஆயிரம் ரூபாயும் ஒரு சிலிண்டரும் இருந்தால் அந்த வழக்கே எழாது என்பதுதான் கேஸ் கீசரின் கவர்ச்சி.

ஆனால் சிறப்பாகச் சொல்லப்படும் அந்தப் பண்புதான் அக்கருவியின் ஆகப்பெரிய குறை. மின்சாரம் வேண்டாத கேஸ் கீசர் என்பது, பெரும்பாலும், புகையை வெளியேற்ற எந்த ஏற்பாடும் இல்லாத கேஸ் கீசர்.

இந்தக் குறை புதிதன்று. 'கீசர்' என்ற சொல்லே ஐஸ்லாந்தின் பீறிட்டெழும் வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்று, அதற்கு இந்த ஊற்றின் பெயரையே இட்டார். அக்கருவியில் எரிந்த வாயு வெளியேறப் புகைக்குழாய் இல்லை. அதனால் அது ஆபத்தானதாகவே கருதப்பட்டது. பின்னர் வந்தவர்கள் அக்குறையைக் களைவதில் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். இந்தியாவில் இன்று மின்சாரத்தில் இயங்குவதற்கும் எரிவாயுவில் இயங்குவதற்கும் பொதுப்பெயராகக் 'கீசர்' என்றே வழங்குகிறது. இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதால் இரண்டின் ஆபத்தும் ஒன்றே என்ற மயக்கம் உண்டாகிறது. மின் கீசரைக் கண்டு மக்கள் அஞ்சுவது மின்னதிர்ச்சிக்கு. கேஸ் கீசரில் கரண்ட் இல்லை என்றதும் அந்த அச்சம் நீங்கிவிடுகிறது. அஞ்ச வேண்டிய பொருள் காற்று என்பதைச் சொல்லும் சொல் அந்தப் பெயரில் இல்லை.

கணக்கு எளியது. நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 10.5 கிலோவாட் வெப்பம் வேண்டும். வீணாகும் பங்கையும் சேர்த்தால் கருவி எரிப்பது 12 கிலோவாட் அளவு. சமையலறை அடுப்பின் பெரிய பர்னர்கள் நான்கைந்தை ஒருசேர முழுத் தீயில் எரிப்பதற்கு அது சமம். ஒரு பங்கு புரோப்பேன் வாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று தேவை. அந்த விகிதப்படி இக்கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஒன்றரை மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள குளியலறை ஒன்றின் கொள்ளளவு ஒன்பது கன மீட்டருக்கும் குறைவு. கதவும் சன்னலும் முழுக்க அடைபட்டிருந்தால், 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் ஐந்து நிமிடத்தில் 18.5 சதவீதம் வரை இறங்கும். தீ அதே வேகத்தில் எரிந்துகொண்டே இருக்குமானால் கால் மணி நேரத்தில் 14 சதவீதத்துக்கும் கீழே போகும்.

சுடருக்கு ஆக்சிஜன் குறையும்போது அது உடனே அணைந்துவிடுவதில்லை, அரைகுறையாக எரிகிறது. அப்போது கார்பன் டை ஆக்சைடுடன் கார்பன் மோனாக்சைடும் உருவாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கசிந்தால் மூக்கு அறியட்டும் என்று எல்பிஜியில் நாற்றப்பொருள் கலக்கிறார்கள். எரிந்து முடிந்த வாயுவில் அந்த நாற்றமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் பிணைவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு இது பிணைகிறது. தலை கனக்கிறது, கால் தளர்கிறது. கதவின் தாழ்ப்பாளை நீக்கும் வலு கைக்கு இருப்பதில்லை. பிழைத்தவர்களுக்கும் சிக்கல் உண்டு. குளியலறையில் மயங்கி விழுந்து வலிப்புடன் மருத்துவமனைக்கு வருபவரைக் காக்காய் வலிப்பு நோயாளியாகக் கருதிவிட இடமிருக்கிறது. வெந்நீரைத் தலையில் ஊற்றும்போது வரும் ஒருவகை வலிப்பு கர்நாடகத்தில் பரவலாக அறியப்பட்டது என்பதால் அங்கே இக்குழப்பத்துக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதற்குக் 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று தனிப்பெயரே இட்டு எழுதிவருகிறார்கள். ஒரு வீட்டுப் பயன்பாட்டுப் பொருள் நோய்ப்பெயராக மாறியிருப்பதே போதிய சான்று.

குளிர் மாதங்களிலும், வண்ணப்பொடி போகத் தேய்த்து நெடுநேரம் குளிக்கும் ஹோலிப் பண்டிகையின்போதும் இச்சாவுகளைப் பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. செய்திகளின் இறுதி வரி எப்போதும் ஒன்றே: கீசரைக் காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துமாறு அதிகாரிகள் கேட்டுக்கொண்டனர். கருவியின் கையேட்டிலும் அதே வாக்கியம் இருக்கும். இந்த வாக்கியத்தை மொழியியல் மாணவர் ஒருவர் வகுப்பறையில் பிரித்துப் பார்ப்பது போலப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

இந்த ஏவல் யாரை நோக்கியது? பொருத்துபவரை. ஆனால் பொருத்துபவர் கையேட்டைப் படிப்பதில்லை. பெட்டியைத் திறந்ததும் கையேடு உரிமையாளரின் இழுப்பறைக்குப் போய்விடுகிறது. குளிப்பவரோ மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர், அல்லது இரண்டு நாள் விருந்தினர். இறந்துபோகக்கூடியவர் அந்த வாக்கியத்தின் முன்னிலையாக எங்குமே இல்லை. அடுத்தது, 'காற்றோட்டம்' என்ற சொல்லுக்கு அதில் அளவில்லை. எத்தனை சதுர சென்டிமீட்டர் திறப்பு, மேலேயா கீழேயா, மூட முடியாததா என்ற எதையும் அது சொல்வதில்லை. சன்னல் இருக்கிறது என்பதே காற்றோட்டம் ஆகிவிடுகிறது. குளிர் கூடும் நாளில்தான் வெந்நீர் வேண்டும். அதே நாளில்தான் சன்னலும் மூடப்படும். மனிதர்கள் இயல்பாகச் செய்யும் செயலுக்கு நேர் எதிரான செயலைக் கோரும் வாக்கியத்தைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று அழைப்பது தகாது.

அந்த வாக்கியத்தின் வினைமுற்றும் கவனத்துக்குரியது. தமிழில் 'வேண்டும்' என்பது கட்டாயம், பரிந்துரை, தேவை, விருப்பம் ஆகிய நான்கையும் சுமக்கிறது. இந்தியில் 'சாஹியே' அதே சுமையைத் தாங்குகிறது. ஆங்கிலத் தரநிலைகளில் கட்டாயத்துக்கு 'ஷல்', பரிந்துரைக்கு 'ஷுட்' என இரண்டு சொற்கள் பிரித்து ஆளப்படுகின்றன. மொழிபெயர்ப்பில் இரண்டும் 'பொருத்த வேண்டும்' என்று ஒன்றாகிவிடுகின்றன. மீறினால் உயிர்போகும் விதியும், செய்தால் நல்லது என்ற அறிவுரையும் ஒரே முகத்தோடு நிற்கும்போது, படிப்பவர் இரண்டையும் அறிவுரையாகவே கொள்கிறார்.

வாக்கியம் செய்ய முடியாததை ஒரு மின்சுற்று செய்ய முடியும். வட அமெரிக்க வீடுகளில் பரவலாக உள்ள 'பவர் வென்ட்' வகை எரிவாயு வெந்நீர்க் கருவிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய முறையில் சூடான புகை தானாக மேலெழும் இயல்பை நம்பி, கூரைக்கு மேல் வரை நிமிர்ந்த புகைபோக்கி கட்டினார்கள். பவர் வென்ட் வகையில் ஒரு மின்விசிறி புகையை இழுத்துக் குழாய்வழியே பக்கச் சுவருக்கு வெளியே தள்ளுகிறது. ஆனால் அதன் உண்மையான மதிப்பு விசிறி சுழல்வதில் இல்லை. விசிறி சுழல்கிறது என்று உறுதியான பிறகே சுடர் எழும் என்ற வரிசையில் இருக்கிறது.

வரிசை இதுதான். வெந்நீர் தேவைப்பட்டதும் கட்டுப்பாட்டுப் பலகை முதலில் விசிறியை இயக்கும். விசிறி உண்டாக்கும் அழுத்த வேறுபாட்டை உணர்ந்து ஒரு சிறு அழுத்தச் சுவிட்ச் மூடும். அது மூடினால்தான் பற்றவைப்பானுக்கு மின்சாரம் போகும், எரிவாயு வால்வு திறக்கும். குழாயில் பறவைக்கூடு அடைத்திருந்தாலும், விசிறி நின்றுவிட்டாலும், மின்சாரமே போய்விட்டாலும் அந்தச் சுவிட்ச் திறந்துகொள்ளும், வாயு நின்றுவிடும். தண்ணீர் குளிர்ந்துவிடும், அவ்வளவே. குளிப்பவர் எந்தக் கையேட்டையும் படித்திருக்க வேண்டியதில்லை. எந்த மொழி தெரிந்தவராகவும் இருக்கலாம். விதி கம்பிக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கான மின்சுற்றுத் தேவை என்ன என்பதில்தான் பலருக்கும் குழப்பம். அளவைப் பொறுத்தவரை தேவை மிகச் சிறிது. அமெரிக்காவில் 120 வோல்ட் சாதாரணச் சாக்கெட் போதும். விசிறி இழுப்பது சில ஆம்பியர் மட்டுமே. இந்தியாவின் 230 வோல்ட்டில், உடனடி வெந்நீர் தரும் சிறு கருவிகளின் விசிறிக்கு 6 ஆம்பியர் பாயின்ட்டே தாராளம். மின் கீசருக்குத் தேவையான கனத்த வயரும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் இதற்கு வேண்டியதில்லை. ஆகவே, மின்சாரம் வேண்டுமென்றால் மின் கீசரையே வாங்கிவிடலாமே என்ற வாதம் நிற்காது. 3,000 வாட்டையும் ஒரு விசிறியின் வாட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

தேவை கடுமையாவது தரத்தில். முதலாவது, எர்த். பல கருவிகளில் சுடர் எரிகிறதா என்பதை ஒரு உலோகக் கம்பி கண்காணிக்கிறது. சுடருக்கு மின்சாரத்தைச் சிறிதளவு கடத்தும் இயல்பு உண்டு. அந்தக் கம்பியிலிருந்து சுடர் வழியாகப் பர்னரின் உடலுக்கும், அங்கிருந்து எர்த் வழியாகப் பலகைக்கும் திரும்பும் நுண்ணிய மின்னோட்டமே 'தீ இருக்கிறது' என்னும் செய்தி. எர்த் இல்லையென்றால் செய்தி திரும்பாது. எரியும் சுடரையும் கருவி அணைத்துவிடும். மூன்று துளைச் சாக்கெட்டில் மூன்றாம் துளைக்குப் பின்னால் வயரே இல்லாத வீடுகள் இந்தியாவில் ஏராளம். மின் கீசரில் எர்த் மின்னதிர்ச்சியிலிருந்து காக்கிறது. இங்கே அதோடு கருவியின் கண்ணாகவும் இருக்கிறது. இரண்டாவது, ஃபேஸும் நியூட்ரலும் இடம்மாறாமல் இருப்பது. சில வகைப் பலகைகள் மாறிய இணைப்பில் சுடரை உணர மாட்டா. மூன்றாவது, தொடர்ச்சி. குளியலறை விளக்கின் சுவிட்சோடு இணைத்த சாக்கெட்டோ, கட்டிலுக்கடியில் ஓடும் எக்ஸ்டென்ஷன் போர்டோ இதற்கு ஆகாது. நான்காவது, இடம். கருவியும் சாக்கெட்டும் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே போகட்டும். எம்சிபி-யோடு, கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி-யும் அந்தச் சுற்றில் இருக்கட்டும்.

இக்கருவிக்கென்றே தனிச் சுற்று கட்டாயமா என்ற கேள்விக்கு அமெரிக்க விதிநூல் தரும் விடை, விதிகளை எழுதுவோர் யாவரும் கற்க வேண்டிய பாடம். அங்குள்ள நேஷனல் எலெக்ட்ரிக்கல் கோட், கட்டாய விதிகளை 'ஷல்' என்ற சொல்லால் அடையாளம் காணலாம் என்று தன் முகப்பிலேயே, 90.5-ஆம் பிரிவில், அறிவித்துவிடுகிறது. வீட்டை வெப்பப்படுத்தும் மையக் கருவிக்குத் தனிச் சுற்று கட்டாயம் என்கிறது 422.12-ஆம் பிரிவு. குளிக்கும் நீரை மட்டும் சூடாக்கும் கருவி அந்தச் சொல்லுக்குள் அடங்காது. ஆனால் 110.3-ஆம் பிரிவு, தரச்சான்று பெற்ற கருவிகளை அவற்றின் கையேட்டு அறிவுறுத்தலின்படியே பொருத்தியாக வேண்டும் என்கிறது. ஆகவே தனிச் சுற்று வேண்டுமென்று தயாரிப்பாளர் கையேட்டில் கட்டாயமாக எழுதியிருந்தால் அந்த வரி அங்கே சட்டத்தின் வலுவைப் பெறுகிறது. பரிந்துரையாக எழுதியிருந்தால் பெறுவதில்லை. ஒரு வினைச்சொல்லின் தேர்வு, சுவருக்குள் எத்தனை வயர் ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. கையேட்டின் மொழியைச் சட்டம் பொருட்படுத்துவதால், தயாரிப்பாளரும் அம்மொழியைப் பொருட்படுத்தியே எழுத வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் தரநிலைகள் இல்லாமல் இல்லை. எல்பிஜியில் இயங்கும் சிறு வெந்நீர்க் கருவிகளுக்கென்றே 2005-இல் ஐஎஸ் 15558 வெளியாயிற்று. வீட்டு வயரிங்குக்கு ஐஎஸ் 732 உண்டு, எர்த்துக்கு ஐஎஸ் 3043 உண்டு. ஆனால் ஒரு நூல் கருவியைப் பற்றிப் பேசுகிறது, மற்றவை கம்பியைப் பற்றி. இரண்டும் சந்திக்கும் சுவருக்குப் பொறுப்பாளர் இல்லை. சிலிண்டர் விநியோகஸ்தரின் மெக்கானிக் அடுப்பையும் ரப்பர் குழாயையும் பார்த்துவிட்டுப் போகிறார். பிளம்பர் நீர்க்குழாயை இணைக்கிறார். எலெக்ட்ரீஷியன், கரண்ட் இல்லாத கருவி என்பதால், அழைக்கப்படுவதே இல்லை. மூவரும் தத்தம் வேலையைப் பிழையின்றிச் செய்த பிறகும் அந்த அறை உயிர்கொல்லும் அறையாகவே இருக்கலாம்.

விசிறியோடு கூடிய கேஸ் கீசர்கள் இந்தியச் சந்தையிலும் கிடைக்கின்றன. விலை அதிகம், சுவரில் துளையிட வேண்டும், கரண்ட் போனால் வெந்நீர் வராது என்ற மூன்று மறுப்புகள் அவற்றுக்கு எதிராகச் சொல்லப்படுகின்றன. மூன்றாவதுதான் வலுவானது போலத் தோன்றும். ஆனால் ஒரு மின்விசிறி அளவேயான சுமையை வீட்டு இன்வெர்ட்டர் எளிதில் தாங்கும். 3,000 வாட் கீசரை அது தாங்காது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ஒருநாள் வெந்நீர் கிடைக்காமல் போகலாம். அந்தத் தடை குறையன்று. அதுதான் கருவியின் வேலை. உள்ளபடியே அஞ்சவேண்டியது வேறொன்று. அடிக்கடி நின்றுபோகும் கருவியைப் 'பழுதுபார்க்க' வருபவர் அழுத்தச் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால், விசிறி சுழலாதபோதும் சுடர் எழும். அந்த ஒரு சாண் வயர், விசிறி வைத்த கருவியை மீண்டும் 1868-க்குக் கொண்டுபோய்விடும். சுவிட்ச் எதற்காக நிற்கிறது என்பதைப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கற்பிப்பது அதனால் கருவியை விற்பதைவிட முக்கியமானது.

விலையை முன்வைக்கும் மறுப்புக்குச் சீனாவின் அனுபவம் விடையளிக்கிறது. புகையை அறைக்குள்ளேயே விடும் வகைக் கருவிகளின் உற்பத்தியை 1999-இலும் விற்பனையை 2000-இலும் அந்நாடு நிறுத்தியது. மலிவான ஆபத்தான வகை கடையில் இருக்கும்வரை, விலை கூடிய பாதுகாப்பான வகை அதோடு போட்டியிட முடியாது. தேர்வை வாங்குபவரின் அறிவுக்கு விடுவது நியாயம்போலத் தோன்றும். ஆனால் வாங்குபவர் ஒருவர், குளிப்பவர் வேறொருவர் என்ற நிலையில் அந்த நியாயம் யாருக்குமானதன்று. குழாய்வழி எரிவாயு நகரம் நகரமாக விரிந்துவரும் இக்காலத்தில், சிலிண்டர் தூக்கும் தொல்லையும் இல்லாமல் கேஸ் கீசர் இன்னும் பல வீடுகளுக்குள் நுழையும். முடிவெடுக்கத் தகுந்த காலம் இது.

செய்யத்தக்கவை அதிகமில்லை. புகையைக் குளியலறைக்குள்ளேயே விடும் கருவிகளைக் குளியலறைக்கென்று விற்பதை நிறுத்துவது முதலாவது. விசிறி வகைக் கருவியை, எர்த் சோதிக்கப்பட்ட சாக்கெட்டும் வெளிச்சுவர்த் துளையும் இருப்பதைக் கண்ட பிறகே பொருத்தி, எரிவாயுப் பணியாளரும் எலெக்ட்ரீஷியனும் ஒரே தாளில் கையெழுத்திடும் நடைமுறை இரண்டாவது. கையேட்டின் கட்டாய விதிகளை அந்தந்த மாநில மொழியில் 'கட்டாயம்', 'கூடாது' என்ற ஐயமற்ற சொற்களாலும், எண்களாலும் எழுதுவது மூன்றாவது. இந்த மூன்றாவதில் பல்கலைக்கழகங்களின் மொழித்துறைகளுக்கு இடமுண்டு. கலைச்சொல் பட்டியல்களைத் தொகுப்பதோடு நிற்காமல், மக்கள் வீட்டுக்குள் வந்துசேரும் வாக்கியங்களைத் திருத்துவதும் அவற்றின் பணியாகலாம். தங்கள் மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் விடுதிகளின் பட்டியலை வைத்திருக்கும் கல்வி நிறுவனங்கள், வாடகை எவ்வளவு, பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவு என்பவற்றோடு, வெந்நீர் எதில் சூடாகிறது, புகை எங்கே போகிறது என்ற இரண்டு வினாக்களையும் சேர்க்கலாம். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

தமிழில் 'வேண்டாம்' என்ற சொல் தேவையின்மையையும் மறுப்பையும் ஒருசேரக் குறிக்கிறது. கேஸ் கீசருக்குக் கரண்ட் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லும்போது, தீ எரிய மின்சாரம் தேவையில்லை என்கிறார், அது உண்மைதான். அந்தத் தீயின் புகையை வெளியேற்ற என்ன இருக்கிறது என்பதுதான் வாங்குபவர் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குச் சன்னலைக் கைகாட்டும் கருவி, குளியலறைக்கு ஆகாது.